கேள்வி கேட்கும் அதிகாரம்: இங்கிலாந்தின் கவுன்சிலர்களும் வீட்டுவசதிக் கண்காணிப்பும்

இங்கிலாந்தில் கவுன்சிலரைத் தேடி வருகிறவர்களில் பலர் வீட்டுப் பிரச்சினையோடுதான் வருகிறார்கள். எப்படியாவது பேசி ஒரு கவுன்சில் வீடு, அதாவது உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வாடகைக்குத் தரும் வீடு, வாங்கித் தாருங்கள் என்பது அவர்கள் அடிக்கடி முன்வைக்கும் கோரிக்கை. இதை எந்தக் கவுன்சிலராலும் நிறைவேற்ற முடியாது. வீடு ஒதுக்கீட்டு நடைமுறை குறித்த 1997ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒதுக்கப்படும் வீடு தம் வார்டில் இருந்தாலோ, விண்ணப்பித்தவர் தம் வார்டில் குடியிருந்தாலோ, அந்த ஒதுக்கீட்டை முடிவு செய்கிறவர்களில் ஒருவராக அந்த வார்டின் கவுன்சிலர் இருக்கக் கூடாது. யாருக்கு எந்த வீடு என்பதை, கவுன்சில் ஏற்றுக்கொண்ட ஒதுக்கீட்டுத் திட்டத்தின்படி அலுவலர்களே தீர்மானிக்கிறார்கள். சிபாரிசுக்கு வழியில்லாமல் சட்டம் அடைத்திருப்பது நியாயமானது. வரிசையில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

அப்படியானால் கவுன்சிலர் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். அந்த ஒதுக்கீட்டுத் திட்டம் எழுதப்பட்டபடி நடக்கிறதா, பழுது பார்க்கப் போக வேண்டியவர்கள் உண்மையில் போனார்களா, வாடகையாக வந்த பணம் எதற்குச் செலவானது என்று கேட்பதும், கேட்டதற்கு எழுத்தில் பதில் வாங்குவதும், பதில் போதவில்லையென்றால் மறுபடியும் கேட்பதும் அவருடைய பணி. கவுன்சில் வட்டாரத்தில் ஸ்க்ருட்டினி என்று அழைக்கப்படும் இந்த ஆய்வுப் பணி தேர்தல் துண்டறிக்கைகளில் அதிகம் இடம்பெறுவதில்லை; செய்தியிலும் வருவதில்லை. ஆனால் அது சரியாக நடக்காத இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் இதை வெறும் சடங்காக எண்ண மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் எல்லாக் கட்சிகளின் உறுப்பினர்களும் அடங்கிய குழுக்கள் துறைவாரியாகக் கூடி முடிவெடுத்தன. முடிவெடுப்பதில் தாமதம், யார் பொறுப்பு என்பதில் குழப்பம் என்ற குறைகளைச் சொல்லி, பெரும்பாலான கவுன்சில்களில் அதிகாரத்தைத் தலைவர் அல்லது மேயர் தலைமையிலான கேபினெட்டிடம் அந்தச் சட்டம் ஒப்படைத்தது. தலைவரையும் சேர்த்துக் கேபினெட்டில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐம்பது அறுபது பேர் கொண்ட ஒரு கவுன்சிலில் மீதமுள்ள அத்தனை பேருக்கும் கொள்கை முடிவுகளில் நேரடிப் பங்கு இல்லாமல் போயிற்று. அவர்களுக்குச் சட்டம் தந்த வேலைதான் ஆய்வுக் குழு. கேபினெட்டில் இருப்பவர் ஆய்வுக் குழுவில் இருக்க முடியாது. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு பழைய குழு முறைக்குத் திரும்பவும் கவுன்சில்களுக்கு அனுமதி கிடைத்தது. ஷெஃபீல்ட் 2022இலும் பிரிஸ்டல் 2024இலும் அப்படித் திரும்பின. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு. இங்கே பேசப்படுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும்.

ஆய்வுக் குழுவின் அதிகாரங்களைச் சட்டத்தில் படிக்கும்போது அவை சிறியவையாகத் தோன்றுவதில்லை. கேபினெட் உறுப்பினரையும் கவுன்சில் அலுவலரையும் தன் முன் வந்து பதில் சொல்லுமாறு குழு கட்டாயப்படுத்தலாம். கேபினெட்டின் முடிவுகள் தொடர்பான ஆவணங்களை, ரகசியம் என்று முத்திரையிடப்பட்டவை உட்பட, தன் ஆய்வுக்குத் தேவையான அளவில் கேட்டுப் பெறலாம். 2012ஆம் ஆண்டின் விதிகளின்படி 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். குழு பரிந்துரை செய்தால் இரண்டு மாதங்களுக்குள் கேபினெட் பதில் தர வேண்டும். எடுக்கப்பட்டும் இன்னும் நடைமுறைக்கு வராத ஒரு முடிவை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். இதற்குக் கால்-இன் என்று பெயர். எத்தனை உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும், எத்தனை நாட்களுக்குள் கோர வேண்டும் என்பதை ஒவ்வொரு கவுன்சிலின் அமைப்பு விதிகளும் வகுக்கின்றன. முடிவு வெளியான ஐந்து வேலை நாட்கள் என்பது பரவலான வழக்கம்.

இவற்றில் எதுவும் முடிவை மாற்றும் அதிகாரமல்ல. கால்-இன் செய்யப்பட்ட முடிவைக் கேபினெட் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு அப்படியே உறுதி செய்யலாம்; பரிந்துரைகளை ஏற்க முடியாது என்று பதில் எழுதலாம். ஆகவே ஆய்வுக் குழுவுக்கு இருப்பது கேட்கும் அதிகாரம் மட்டுமே. அந்தக் கேள்விக்கு எடை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகிறது. என் கருத்தில் அந்த எடை ஒரே ஓர் இடத்திலிருந்து வருகிறது: வார்டில் குடியிருப்பாளர் சொன்னதையும் நிர்வாகம் தாளில் எழுதியதையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும்போது. குடியிருப்பாளரின் குறையை மட்டும் கையில் வைத்திருக்கும் கவுன்சிலருக்கு, அது தனிப்பட்ட விவகாரம், கூட்டத்துக்குப் பிறகு கவனிக்கிறோம் என்ற பதில் கிடைக்கும். தாளை மட்டும் படித்துவிட்டு வருகிற கவுன்சிலருக்கு, நிர்வாகம் காட்ட விரும்பியது மட்டும் தெரியும்.

தாள் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆய்வுக் குழுவுக்கு வரும் வீட்டுவசதி அறிக்கையில் ஏறத்தாழ எப்போதும் ஒரு வரி இருக்கும்: அவசரமில்லாத பழுதுகளில் இலக்குக் காலத்துக்குள் முடிக்கப்பட்டவை இத்தனை சதவீதம். எதிரே பச்சை நிறம் தீட்டப்பட்டிருக்கும். 92 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இலக்குக் காலம் எவ்வளவு என்பதை வகுப்பது யார் என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டு உரிமையாளரான கவுன்சிலே அதை வகுக்கிறது. எனவே 20 வேலை நாட்களை இலக்காக வைத்திருக்கும் கவுன்சிலின் 80 சதவீதத்தைவிட, 60 வேலை நாட்களை இலக்காக வைத்திருக்கும் கவுன்சிலின் 92 சதவீதம் மோசமானதாக இருக்கக்கூடும். அடுத்தது, எந்த வேலைகள் கணக்கில் வருகின்றன என்ற கேள்வி. அந்த ஆண்டில் முடிக்கப்பட்ட வேலைகளில் எத்தனை காலத்துக்குள் முடிந்தன என்பதையே இந்தச் சதவீதம் சொல்கிறது. முடியாமல் கிடப்பவை அதில் இல்லை. ஆறு மாதமாகக் கூரை ஒழுகும் வீடு, ஒழுகிக்கொண்டிருக்கும் வரை அந்த எண்ணைக் கெடுக்காது.

மூன்றாவது கேள்விக்குத்தான் வார்டு அனுபவம் தேவைப்படுகிறது. வேலை முடிந்ததாக எப்போது பதிவாகிறது? பழுது பார்ப்பவர் வந்தபோது ஆள் இல்லை என்று குறித்து வேலையை மூடிவிட்டு, குடியிருப்பாளர் மறுபடி தொலைபேசியில் சொன்னதும் புது எண்ணில் புது வேலையாகத் திறந்தால், ஒரே ஒழுகலுக்கு இரண்டு மூன்று பதிவுகள் உருவாகும். சுவரிலுள்ள பூஞ்சையை ரசாயனம் கொண்டு கழுவிவிட்டு வேலை முடிந்தது என்று எழுதிவிடலாம். ஈரம் வருவது வெளிச்சுவரின் விரிசலிலிருந்தா, உடைந்த குழாயிலிருந்தா, காற்றோட்டமின்மையிலிருந்தா என்று யாரும் பார்க்காவிட்டாலும் அட்டவணை குறை சொல்லாது. தம் வார்டில் ஒரே அடுக்குமாடியில் நான்கு குடும்பங்கள் இதையே சொல்லக் கேட்ட கவுன்சிலர், கூட்டத்தில் வேறுவிதமாகக் கேட்பார்: கடந்த 12 மாதங்களில் ஒரே வீட்டில் ஒரே பழுதுக்காக இரண்டாவது முறையாகத் திறக்கப்பட்ட பதிவுகள் எத்தனை? ஆள் இல்லை என்று மூடப்பட்டவை எத்தனை, அவற்றில் முன்கூட்டியே நேரம் உறுதி செய்யப்பட்டவை எத்தனை? இப்போது திறந்திருக்கும் பதிவுகளில் மிகப் பழையது எந்தத் தேதி? இந்த எண்கள் கையில் இல்லை என்று அலுவலர் சொன்னால், அதுவே அன்றைய கூட்டத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு. அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று குறிப்பேட்டில் பதியச் செய்துவிடலாம்.

இதையெல்லாம் நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 டிசம்பரில் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நீண்ட காலமாகப் படர்ந்திருந்த பூஞ்சையால் ஏற்பட்ட சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். குழந்தையின் தந்தை 2017லேயே முறையிட்டிருந்தார். அந்த வீடு கவுன்சிலின் நேரடி நிர்வாகத்தில் இல்லை. ராச்டேலின் முன்னாள் கவுன்சில் வீடுகளை ஏற்று நடத்தும் வீட்டுவசதி அமைப்பு ஒன்றுக்குச் சொந்தமானது. ஆய்வுக் குழுக்களின் ஒரு பெரிய குறை இங்கே வெளிப்படுகிறது. கவுன்சிலின் சொந்த அலுவலரை வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் குழுவால், தன் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை வைத்திருக்கும் வீட்டுவசதிச் சங்கத்தின் தலைமை அதிகாரியை அழைக்க மட்டுமே முடியும்; அவர் வராவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் அழைப்பு பகிரங்கமாக விடுக்கப்பட வேண்டும், மறுப்பும் பகிரங்கமாகப் பதிவாக வேண்டும். குழுக்கள் அழைக்காமலேயே விட்டுவிடுவதை நான் மன்னிக்க முடியாத அலட்சியமாகவே பார்க்கிறேன்.

கிரென்ஃபெல் டவர் விஷயத்தில் அந்தச் சட்டத் தடைகூட இல்லை. 2017 ஜூன் 14 அதிகாலை மேற்கு லண்டனில் தீப்பற்றி 72 உயிர்களைக் காவுகொண்ட அந்தக் கட்டடம் கென்சிங்டன் அண்ட் செல்சி கவுன்சிலுக்குச் சொந்தமானது. அதை நடத்தும் பொறுப்பை வாடகைதாரர் மேலாண்மை அமைப்பு ஒன்றிடம் கவுன்சில் ஒப்படைத்திருந்தது; அந்த அமைப்பைக் கண்காணிக்க வேண்டியது கவுன்சில். 2024 செப்டம்பர் 4ஆம் தேதி வெளியான விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை, அந்தக் கண்காணிப்பு பலவீனமாக இருந்ததையும், தீப் பாதுகாப்பைக் கவுன்சில் சுதந்திரமாகவும் கடுமையாகவும் ஆராயவில்லை என்பதையும் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. அந்த அமைப்பின் செயல்பாட்டை அளந்த குறியீடுகளில் தீப் பாதுகாப்புக்கென்று ஒன்றுகூட இருக்கவில்லை என்ற செய்தி அந்த அறிக்கையில் இருக்கிறது. அதைப் படித்தபோது, வாடகை வசூல் முதலானவற்றுக்கு அளவுகோல் இருந்த அட்டவணையில் உயிர்காப்புக்கு ஒரு வரி இல்லாததை யாரும் கவனிக்கவில்லையே என்ற வருத்தமே மிஞ்சுகிறது. அட்டவணையில் உள்ள வரிகளைக் கேள்வி கேட்பது பாதி வேலை. எந்த வரி இல்லை என்று கேட்பது மறுபாதி. அதற்குக் குடியிருப்பாளர்கள் சொல்வதை முன்பே கேட்டிருக்க வேண்டும். தீ விபத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன், 2016 நவம்பரில், பேரழிவு நேர்ந்தால்தான் கண்திறப்பார்கள் என்ற பொருளில் குடியிருப்பாளர்கள் பகிரங்கமாக எழுதியிருந்தார்கள்.

இந்த இரண்டு துயரங்களும் சட்டத்தை மாற்றின. 2023ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் 1 முதல் கவுன்சில்களின் வீட்டு நிர்வாகத்தையும் ஒழுங்குமுறை ஆணையம் நேரில் ஆய்வு செய்கிறது. 1,000 வீடுகளும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு. முடிவில் சி1 முதல் சி4 வரை தரம். 2024 அக்டோபரில் கிழக்கு லண்டனின் நியூஹாம் கவுன்சில், சி4 என்ற மிகத் தாழ்ந்த தரத்தைப் பெற்ற முதல் நிறுவனமானது. தீப் பாதுகாப்புக்காகச் செய்திருக்க வேண்டிய 9,000க்கும் மேற்பட்ட வேலைகள் காலம் கடந்து கிடந்தன. 2022 அக்டோபர் 1 முதல் குடியிருப்பாளர் தம் முறையீட்டை, வீட்டு நிர்வாகத்தின் மீதான முறையீடுகளை விசாரிக்கும் வீட்டுவசதி ஆம்பட்ஸ்மனிடம் நேரடியாகக் கொண்டுபோகலாம். அதற்கு முன் ஒரு கவுன்சிலரோ நாடாளுமன்ற உறுப்பினரோ பரிந்துரைக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் எட்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். அவாப் பெயரால் வழங்கும் சட்டத்தின் முதல் கட்டம் 2025 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது: உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும், குறிப்பிடத்தக்க ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, ஆராய்ச்சி முடிந்த மூன்று வேலை நாட்களுக்குள் குடியிருப்பாளருக்கு எழுத்தில் முடிவைக் கொடுத்து, ஐந்து வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அப்படிச் செய்ய முடியாவிட்டால் மாற்றிடம் தர வேண்டும்.

ஆணையமும் ஆம்பட்ஸ்மனும் இருக்கும்போது ஆய்வுக் குழு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளர் இடைப்பட்ட காலத்தில் பார்க்க முடியாது. ஆம்பட்ஸ்மன் முறையிட்டவரின் வழக்கை மட்டும் பார்ப்பார். நியூஹாமின் 9,000 வேலைகள் ஒரே இரவில் நிலுவையாகிவிடவில்லை. மாதந்தோறும் கூடும் குழுவுக்கு, ஒவ்வொரு மாதமும் அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. புதிய சட்டம் தந்த காலக்கெடுக்கள் கவுன்சிலருக்குப் பெரிய உதவி: இலக்கைக் கவுன்சிலே வகுத்துக்கொள்ளும் பழைய பிரச்சினை இவற்றில் இல்லை. 24 மணி நேரம் என்பது எல்லோருக்கும் 24 மணி நேரம்தான்.

வீட்டுவசதியில் மிகக் கடினமான பகுதி, வீடிழந்த குடும்பங்களுக்குக் கவுன்சில் தரும் தற்காலிகத் தங்குமிடம். இங்கே கவுன்சிலரின் ஆய்வு பழுது அட்டவணையோடு நிற்காமல் பணக் கணக்குக்குள் போக வேண்டியிருக்கிறது. 2025 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. அவற்றில் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். 2023-24இல் இதற்காகக் கவுன்சில்கள் செலவிட்டது சுமார் 230 கோடி பவுண்டு. செலவு ஏன் கவுன்சிலின் கழுத்தை நெரிக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. கவுன்சில் தனியாரிடமிருந்து வாடகைக்கு எடுத்துக் குடும்பங்களைத் தங்கவைக்கும் இப்படிப்பட்ட வீடுகளுக்கு மத்திய அரசு திருப்பித் தரும் தொகை, அரசின் வாடகை உதவியைக் கணக்கிடப் பயன்படும் உள்ளூர் விகிதம் 2011 ஜனவரியில் இருந்த அளவின் 90 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. வாடகையோ இன்றைய சந்தை வாடகை. இடைவெளி முழுவதும் கவுன்சிலின் பொது நிதியிலிருந்து போகிறது. நூலகமும் குப்பை சேகரிப்பும் முதியோர் பராமரிப்பும் அதே நிதியை நம்பியிருக்கின்றன. கவுன்சில் வீடுகளின் வாடகை தனியான வீட்டு வருவாய்க் கணக்கில் சேர்கிறது. 1989ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தக் கணக்கைப் பற்றாக்குறையோடு திட்டமிட முடியாது, அதன் பணத்தை மற்றச் செலவுக்குத் திருப்பவும் முடியாது. எனவே இரண்டு கணக்குகளையும் பிரித்துப் படிக்கத் தெரியாத குழு, ஒன்றின் ஓட்டையை மற்றொன்றின் கையிருப்பைக் கொண்டு அடைக்கலாமே என்று பயனற்ற பரிந்துரை எழுதிக்கொண்டிருக்கும்.

இந்தப் பகுதியில் ஒரு நல்ல கேள்வி சிறியதாகவே இருக்கும். குழந்தைகள் உள்ள குடும்பத்தைச் சமையலறையையும் குளியலறையையும் பிறரோடு பகிரும் தனியார் விடுதியில் ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் அரசாணை. ஆறு வாரத்தைத் தாண்டிய குடும்பங்கள் இன்று எத்தனை என்ற கேள்விக்கு விடை ஓர் எண். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யமில்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கலாம். வட்டாரத்துக்கு வெளியே அனுப்பப்பட்ட குடும்பங்கள் எத்தனை, பிள்ளைகள் பள்ளிக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள், அனுப்பும்போது அந்த வட்டாரத்தின் கவுன்சிலுக்குச் சட்டப்படி தெரிவிக்கப்பட்டதா என்பவையும் அப்படிப்பட்டவை. வீடிழக்கும் அபாயத்தில் இருப்பவர் 56 நாட்களுக்கு முன்பே உதவி கேட்கலாம் என்று 2017ஆம் ஆண்டின் வீடின்மை குறைப்புச் சட்டம் சொல்கிறது. அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள், எத்தனை பேரிடம் நீதிமன்ற அமீனா வாசலுக்கு வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லப்பட்டது என்பதை அறியத் தனி முறையீடுகளைக் கேட்டிருந்தால்தான் முடியும்.

பணம் மறைவிடத்துக்குப் போகும்போது ஆய்வு தடுமாறுவதற்குத் தெற்கு லண்டனின் குரொய்டன் கவுன்சில் தெளிவான சான்று. வீடு கட்டுவதற்காகக் கவுன்சில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்குக் கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 2020 அக்டோபரில் வெளித் தணிக்கையாளர் பொதுநலன் அறிக்கை வெளியிட்டு, கவுன்சிலர்களிடமிருந்து போதிய சவால் எழவில்லை என்று குறைகூறினார். அடுத்த மாதமே, செலவைச் சமாளிக்கப் பணமில்லை என்று அறிவிக்கும் 114ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. 2021 மார்ச்சில் அதே கவுன்சிலின் ரெஜினா ரோடு அடுக்குமாடியில் கூரையிலிருந்து நீர் வடிய, சுவர்கள் கறுத்துக் கிடந்த வீடுகளைத் தொலைக்காட்சி காட்டியது. கவுன்சில் சொந்தமாக நிறுவனம் நடத்தும் இடங்களில் வணிக ரகசியம் என்ற ஒரு சொல்லால் கேள்விகள் மூடப்படுகின்றன. ரகசியத் தாளை மூடிய கூட்டத்தில் குழு படிக்கலாம் என்பதை எல்லா உறுப்பினர்களும் நினைவில் வைத்திருப்பதில்லை. பொதுமக்களுக்குக் காட்ட முடியாதது என்பதும் கவுன்சிலருக்குக் காட்ட முடியாதது என்பதும் சட்டத்தில் வெவ்வேறு.

மற்றப் பொதுச் சேவைகளிலும் இதே கதைதான். ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் புறக்கணிக்கப்பட்டதை ஆராய்ந்த 2013 பிப்ரவரி ஃபிரான்சிஸ் அறிக்கை, உள்ளூர் ஆய்வுக் குழுக்கள் அடையாளங்களைக் கண்டுகொள்ளத் தவறியதைச் சொன்னது. ராதரமில் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலை அடுத்து 2015இல் வெளியான கேசி அறிக்கை, அங்கே ஆய்வு அமைப்பு பலவீனப்படுத்தப்பட்டிருந்ததைக் கண்டது. இரண்டு இடங்களிலும் குழுக்கள் இருந்தன, கூட்டங்கள் நடந்தன, குறிப்புகள் எழுதப்பட்டன.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்குக் கட்சியை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. குழு இடங்கள் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரிக்கப்பட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், கேபினெட்டை நடத்தும் கட்சிக்கே பொதுவாக ஆய்வுக் குழுவிலும் பெரும்பான்மை. கிழக்கு லண்டனின் பார்க்கிங் அண்ட் டாகெனம் கவுன்சிலில் 2010, 2014, 2018, 2022 ஆகிய நான்கு தேர்தல்களிலும் 51 இடங்களையும் தொழிற்கட்சியே வென்றது. அப்படிப்பட்ட இடத்தில் ஆய்வு என்பது சொந்தத் தோழர்களைக் கேள்வி கேட்பது. இது முடியாததல்ல. தன் கட்சியின் கேபினெட் உறுப்பினரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட ஒருவருக்கு அடுத்த ஆண்டு கேபினெட்டில் இடம் கிடைக்குமா என்ற எண்ணம் பலரை மௌனமாக்குகிறது. ஆய்வுக் குழுக்களின் தலைவர்களை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் முறையைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று 2017இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கருத்துத் தெரிவித்தது. 2019இல் வந்த அரசின் வழிகாட்டி நெறிகள் அதைக் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு ஓட்டை பலருக்குத் தெரியாது. ஆய்வுக் குழுவுக்கு உதவவும் உறுப்பினர்களுக்கு ஆதரவளிக்கவும் ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஆனால் மேலே கவுண்டி கவுன்சில் இருக்கும் இடங்களிலுள்ள டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களுக்கு விலக்கு அளித்தது. அப்படிப்பட்ட இரண்டடுக்குப் பகுதிகளில் வீட்டுவசதி யாருடைய பொறுப்பு? டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுடையது. வீட்டுவசதியை ஆராய வேண்டிய குழுவுக்கே சட்டபூர்வமான உதவியாளர் இல்லை. உதவியாளர் இல்லாத இடத்தில், யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அதே துறையின் அலுவலர் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டே கேள்வி தயாரிக்க வேண்டியிருக்கிறது.

குடியிருப்பாளர்களுக்கு இதில் உள்ள இடம் பலர் நினைப்பதைவிடப் பெரியது. ஆய்வுக் குழுக் கூட்டங்கள் பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. நிகழ்ச்சி நிரலும் தாள்களும் ஐந்து வேலை நாட்களுக்கு முன் வெளியாக வேண்டும். கேபினெட் எடுக்கப்போகும் முக்கிய முடிவுகள் 28 நாட்களுக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும். எந்த விஷயங்களை ஆராய்வது என்ற ஆண்டுத் திட்டத்தைப் பெரும்பாலான குழுக்கள் மே மாத ஆண்டுக் கூட்டத்தை ஒட்டி வகுக்கின்றன. அதற்கு முன் ஒரு விஷயத்தைப் பரிந்துரைத்து எழுதுவது, அக்டோபரில் எழுதும் பத்துக் கடிதங்களைவிடப் பயன்படும். கவுன்சிலரிடம் போகும்போது முறையிட்ட தேதி, பழுதுக்குக் கொடுக்கப்பட்ட பதிவு எண், வந்துபோனவர் சொன்னது, படம் ஆகியவற்றோடு போக வேண்டும். விவரங்களைப் பயன்படுத்த எழுத்தில் சம்மதமும் தர வேண்டும். அதே கட்டடத்தின் பக்கத்து வீடுகளுக்கும் அதே பிரச்சினை இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரு வீட்டின் ஒழுகல் தனி முறையீடு. ஆறு வீட்டின் ஒழுகல் ஆய்வுக்குரிய பொருள்.

பெயர்களையும் கதவு எண்களையும் நீக்கிவிட்டு, பதிவுத் தேதிகளை மட்டும் வைத்து, பொறுப்பு அலுவலரிடம் அந்தக் கவுன்சிலர் பொதுக் கூட்டத்தில் கேட்பார். இந்தக் கட்டடத்தின் கூரையைப் பார்ப்பது எப்போது என்பதற்கு ஒரு தேதி பதிலாக வந்தால் அது குறிப்பேட்டில் ஏறும். பல கவுன்சில்களில், முன்பு கேட்டவையும் பரிந்துரைத்தவையும் என்னவாயின என்று காட்டும் ஓர் அட்டவணை ஒவ்வொரு கூட்டத்தின் தாள்களிலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்தத் தேதி கடந்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியது கவுன்சிலரும் அந்த ஆறு வீட்டாரும்.